செய்தி பார்க்காதோர் சங்கத்தில் ஒரு தேர்தல்

லொரெட்டா கோர்ஸ்கி தூக்கத்தில் தன் கடைவாய்ப் பல்லைத் தானே கடித்து உடைத்துக்கொண்டாள். பிப்ரவரி மாதம். ஏரியிலிருந்து வந்த பனி எங்கள் தெருவில் கார்களை மூடிக் குவிந்திருந்த நேரம். முந்தின நாள் வாஷிங்டனில் யாரோ எதையோ சொல்லியிருந்தார்கள், அல்லது சொல்லவேண்டியதைச் சொல்லாமல் விட்டிருந்தார்கள். அது என்னவென்று இப்போது லொரெட்டாவுக்கே நினைவில்லை. அன்றைக்கு அது நாடே முடிந்துபோகிற சமாச்சாரமாக இருந்தது. அதற்கு முந்தின வாரமும் நாடு முடிந்துபோயிருந்தது.

நான் அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி, கான்னி. ஈரி நகரத்தின் கிழக்குப் பக்கத்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு கார் நுழைகிற இடம்தான் உண்டு. அவள் தொலைக்காட்சியோடு போடுகிற சண்டை என் சமையலறையில் தெளிவாகக் கேட்கும். ஆரம்பத்தில் கணவன் நார்பர்ட்டைத்தான் திட்டுகிறாள் என்று நினைத்து அவன் மேல் எனக்கு இரக்கமாக இருந்தது. ஒருநாள் "செனட்டர்" என்ற சொல் காதில் விழுந்ததும் நிம்மதி அடைந்தேன். நார்பர்ட்டை யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள்.

லொரெட்டா எப்போதும் இப்படி இருந்தவள் இல்லை. பல் மருத்துவமனையின் முன்மேசையில் வரவேற்பாளராக அவள் சேர்ந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. அழுகிற பிள்ளைகளைச் சிரிக்கவைத்து உள்ளே அனுப்புவாள். யாருடைய மாமியாருக்கு இடுப்பு அறுவை சிகிச்சை, யாருடைய மகன் கடற்படையில் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அரசியல் என்றால் அவளுக்கு நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை ஓட்டுப் போடப் பள்ளிக்கூடத்தில் போய் வரிசையில் நிற்பது, அவ்வளவுதான். பிறகு ஒரு கிறிஸ்துமஸுக்கு நார்பர்ட் அவளுக்குப் புதுக் கைபேசி வாங்கிக் கொடுத்தான். செய்தி வந்தால் அது 'டிங்' என்று ஒலிக்கும். வாழ்நாளில் அவன் கொடுத்த பரிசுகளில் அவள் தினமும் பயன்படுத்தியது அது ஒன்றுதான்.

அவள் எந்தக் கட்சி என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் தெருவில் பாதிப் பேர் என்னிடம் பேசுவதை நிறுத்திவிடுவார்கள். மீதிப் பாதிப் பேர் இன்னும் அதிகமாகப் பேசுவார்கள். இரண்டாவதுதான் எனக்குப் பயம்.

காலையில் கண் விழித்ததும் மூக்குக் கண்ணாடிக்கு முன்னால் கைபேசிதான் அவள் கைக்கு வரும். கண்ணாடி இல்லாமல் படிப்பதால், எழுதாத செய்திகளுக்கும் சேர்த்துக் கோபப்படுவாள். ஒருமுறை யாரோ பெரிய தலை ராஜினாமா செய்துவிட்டதாகப் படித்து, காலை முழுக்கப் பாடிக்கொண்டே இருந்தாள். ராஜினாமா செய்தவர் ஒரு கால்பந்துப் பயிற்சியாளர்.

பல் உடைந்த அன்று அவளுடைய முதலாளி டாக்டர் ஹாஃப்தான் வாயைத் திறந்து பார்த்தார்.

"நீயே கடிச்சிருக்க, லொரெட்டா. ராத்திரி தாடையை இறுக்கிட்டுத் தூங்குற."

"நான் எதையும் கடிக்கல டாக்டர். பல்லைக் கடிச்சிட்டுப் பொறுத்துக்கிட்டு இருக்கேன், அவ்வளவுதான்."

"அதைத்தான் சொல்றேன். இந்த வருஷம் நீ ஏழாவது ஆளோ எட்டாவது ஆளோ. மிட்டாய் கம்பெனிங்க எனக்குச் செஞ்சதை விட அரசியல் அதிகம் செஞ்சிருக்கு. ரெண்டு கட்சிக்கும் நான் ஒரு நன்றிக் கடிதம் எழுதணும்."

இரவில் பல்லுக்கு மாட்டிக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் உறை செய்து கொடுத்தார். பட்ஜெட் விவகாரம் நடந்த வாரத்தில் லொரெட்டா அதையும் கடித்துத் துளைத்தாள்.

இதற்குள் அவளுக்கு ஒரு தம்பியும் இல்லாமல் போயிருந்தான். ரோமன் உயிரோடுதான் இருந்தான். நகரத்தின் மேற்குப் பக்கத்தில் கார்களின் நசுங்கல் எடுக்கும் பட்டறை வைத்திருந்தான். இரண்டு வருடம் முந்தைய நன்றித் திருநாளில், நார்பர்ட் வான்கோழியை அறுத்துக்கொண்டிருந்தபோது, ரோமன் ஒரு வாக்கியம் சொன்னான். லொரெட்டா குழம்புக் கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு ஒரு வாக்கியம் சொன்னாள். அப்புறம் இருவரும் வாக்கியங்களைச் சேர்ந்தே சொன்னார்கள். ரோமனின் மனைவி குழந்தைகளுக்குக் கோட்டு மாட்ட ஆரம்பித்தாள். நார்பர்ட் மட்டும் கடைசி வரை ஒழுங்காக அறுத்து முடித்தான். அன்றிலிருந்து அக்காளும் தம்பியும் சவ அடக்கங்களில் மட்டும் சந்தித்துக்கொண்டார்கள், அதுவும் சவப்பெட்டிக்கு ஆளுக்கொரு பக்கமாக.

குடும்ப மருத்துவர் லொரெட்டாவின் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு ஒரு மாதம் செய்தியே வேண்டாம் என்றார். அவளும் முயன்றாள், அதைக் குறை சொல்ல முடியாது. மனசை அமைதியாக்கும் ஏதோ ஒன்றைக் கைபேசியில் இறக்கிக்கொண்டாள். அதில் ஒரு ஆள் தேன் ஒழுகும் குரலில் "அமைதியான ஓர் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள்" என்பான். ஏரி எங்கள் ஊரிலேயே இருக்கிறது. லொரெட்டா ஏரியை நினைத்தாள். ஏரியை நினைத்ததும் தண்ணீர் நினைவுக்கு வந்தது, தண்ணீரை நினைத்ததும் அதைச் சுத்தமாக வைக்கும் சட்டம் நினைவுக்கு வந்தது, அந்தச் சட்டத்துக்கு யார் யார் எப்படி வாக்களித்தார்கள் என்பது வந்தது. அமைதிக்காரன் முடிப்பதற்குள் அவள் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தாள்.

பின்னல் வேலை முயன்றாள். அந்தக் குளிர்காலத்தில் அவள் பின்னிய கழுத்துத் துணி என்னிடம் இருக்கிறது. ஒரு ஓரம் தளர்வாக, மறு ஓரம் கயிறு மாதிரி இறுகி இருக்கும். எந்த வரிசை பின்னும்போது செய்தி வந்தது என்று தொட்டுப் பார்த்தே சொல்லிவிடலாம்.

வசந்தம் தொடங்கும் சமயத்தில் எங்கள் மாதா கோயிலின் வாராந்தரத் தாளில் ஓர் அறிவிப்பு வந்தது. செய்திகளால் மனம் அலைக்கழிகிறவர்கள் சனிக்கிழமை காலை கோயிலின் கீழ்த்தளத்துக்கு வரலாம், காபியும் டோனட்டும் உண்டு. மாவட்ட மனநலத் துறையிலிருந்து டெலேனி என்ற இளம்பெண் நடத்துவாள்.

"கான்னி, நீயும் வா. தனியாப் போக ஒரு மாதிரியா இருக்கு" என்றாள் லொரெட்டா.

நான் துணைக்குத்தான் போனேன். அங்கே வந்திருந்த எல்லாருமே யாருக்காவது துணைக்குத்தான் வந்திருந்தார்கள்.

இரும்பு நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. லொரெட்டா உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்து, நிமிர்ந்து பார்த்தாள். எதிர் நாற்காலியில் அவள் தம்பி ரோமன், கையில் காபிக் கோப்பையோடு. இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். இருவருக்கும் கதவு ஒன்றுதான் என்பதால், சேர்ந்து நடக்கவேண்டி வருமே என்று திரும்ப உட்கார்ந்தார்கள்.

டெலேனிக்கு இதெல்லாம் தெரியாது. அவள் சிரித்த முகமாக விதிகளைச் சொன்னாள். இங்கே யாரும் எந்தத் தலைவர் பெயரையும் சொல்லக்கூடாது, கட்சிப் பெயர் கூடாது, அன்றைய செய்தி கூடாது. உடம்புக்கும் மனசுக்கும் என்ன ஆகிறது என்பதை மட்டும் பேசலாம்.

முதலில் பேசியவள் அர்லீன். எண்பதை நெருங்கும் விதவை. எங்கள் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்குத் தினமும் காலையில் தொலைபேசியில் கூப்பிட்டுத் தன் கண்டனத்தைத் தெரிவிப்பது அவளுடைய வழக்கம்.

"இப்பல்லாம் எடுக்குற பையன் என் குரலைக் கேட்டதும் 'இடுப்பு எப்படி இருக்கு, அர்லீன்'னு கேக்குறான். என் பிள்ளைங்க கூட அப்படிக் கேக்குறதில்ல. எனக்குத் திட்டவும் மனசு வரல, விடவும் முடியல."

பிறகு லொரெட்டாவின் முறை. அவள் எதிரே பார்க்காமல், காபி மேசையைப் பார்த்துப் பேசினாள்.

"எனக்குப் பயமா இருக்கு. என்ன பயம்னு கேட்டா சொல்லத் தெரியல. வீட்டுல ஒருத்தருக்கு உடம்பு சரியில்லாதப்போ போன் அடிச்சா எப்படி இருக்கும், அந்த மாதிரி. தினமும் அந்த மாதிரி. யாருக்கும் உடம்பு சரியில்லாம இல்ல, எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க. ஆனா என்னால போனைக் கீழ வைக்க முடியல. நான் பாக்காம விட்ட நேரத்துல ஏதாவது ஆயிடுமோன்னு."

ரோமன் தொண்டையைச் செருமினான்.

"எனக்கு வயிறு" என்றான். "ஒண்ணும் தங்கமாட்டேங்குது. பட்டறையில ரேடியோவை அடிச்சு உடைச்சிட்டேன், மறுநாள் நானே போய்ப் புதுசு வாங்கிட்டு வந்தேன். வீட்டுல என் பொண்டாட்டி டிவியைத் தூக்கி அவ அம்மா வீட்டுல போட்டுட்டா. இப்ப நான் மாமியாரைப் பாக்க அடிக்கடி போறேன். மாமியாருக்கு ஒரே சந்தோஷம்."

லொரெட்டாவுக்குச் சிரிப்பு வந்தது. அதைக் கைக்குட்டைக்குள் இருமலாக மாற்றிக்கொண்டாள்.

பெயர் சொல்லக்கூடாது என்ற விதி பிரமாதமாக வேலை செய்தது. எல்லாரும் "அந்த ஆள்" என்றுதான் சொன்னார்கள். "அந்த ஆள் மூஞ்சியைப் பாத்தாலே எனக்கு நெஞ்சு படபடங்குது" என்று ஒருவர் சொன்னால், வட்டம் முழுக்கத் தலை ஆடும். பாதிப் பேர் ஒரு ஆளை நினைத்து ஆட்டினார்கள், பாதிப் பேர் வேறு ஆளை நினைத்து ஆட்டினார்கள். லொரெட்டாவும் ரோமனும் ஒருவரையொருவர் பார்த்தே தலை ஆட்டினார்கள். சில வாரங்கள் அந்தக் கீழ்த்தளத்தில் நிலவிய ஒற்றுமை இந்த நாட்டில் வேறெங்கும் நிலவியிருக்காது. டெலேனி மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில் எங்களைப் பற்றி மிக உயர்வாக எழுதியிருந்தாளாம்.

அதைப் படித்த மேலிடம், இவ்வளவு நன்றாக இருப்பவர்களுக்கு ஆள் எதற்கு என்று முடிவு செய்தது.

"என்னை வேற ஊருக்கு மாத்திட்டாங்க" என்றாள் டெலேனி, ஒரு சனிக்கிழமை. கண் கலங்கியிருந்தது. "ஆனா நீங்களே இதை நடத்தலாம். கோயில் சாவியை வாங்கி வைக்க, டோனட் சொல்ல, நாற்காலி போட ஒருத்தர் வேணும். யாராவது ஒருத்தர் பொறுப்பு எடுத்துக்கங்க. கையைத் தூக்கினா போதும்."

லொரெட்டா கையைத் தூக்கினாள். ரோமனும் தூக்கினான்.

"அப்போ... ரெண்டு பேரும் சேர்ந்து பாத்துக்கலாமே" என்றாள் டெலேனி.

"அது சரிப்படாது" என்றாள் லொரெட்டா.

"ஓட்டுப் போடலாம்" என்றான் ரோமன். "ரகசிய ஓட்டு."

"ஆமா, ரகசிய ஓட்டு" என்றாள் லொரெட்டா. இரண்டு வருடத்தில் அக்காளும் தம்பியும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். டெலேனியின் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. மூன்று வாரம் கழித்து அவளுடைய கடைசி நாளன்று தேர்தல் என்று முடிவானது. தேர்தல்களால் உடம்பு கெட்டுப்போனவர்கள் ஓய்வெடுக்க வந்த இடத்தில், ஒரு டோனட் பெட்டியின் பொறுப்புக்குத் தேர்தல்.

லொரெட்டாவின் கொள்கை, கூட்டம் தொடங்கும்போது கைபேசிகளை எல்லாம் ஒரு கூடையில் போட்டுவிட வேண்டும் என்பது. ரோமனின் கொள்கை, கடைசியில் மட்டும் கொஞ்ச நேரம் செய்தி பேச அனுமதிக்க வேண்டும் என்பது. "சிகரெட்டை விடுறவனுக்கு ஒரு இழுப்பு கொடுக்குற மாதிரி" என்று அவன் விளக்கினான். இதைக் கேட்டுக் கூட்டம் அழகாக இரண்டாகப் பிளந்தது. காபி மேசைக்கு இந்தப் பக்கம் கூடைக்காரர்கள், அந்தப் பக்கம் இழுப்புக்காரர்கள். பால் எங்கள் பக்கத்தில் இருந்தது, சர்க்கரை அவர்கள் பக்கத்தில். பலர் சர்க்கரை இல்லாமல் குடிக்கப் பழகினார்கள்.

ரோமன் தன் பட்டறையில் தகரத்தில் பலகை வெட்டி, கார்ச் சாயத்தில் தன் பெயரை அடித்து, கோயில் வாசல் புல்தரையில் நட்டான். பங்குத்தந்தை அதைப் பிடுங்கச் சொன்னார். பிடுங்கியது லொரெட்டாவின் ஆட்கள்தான் என்று மறுநாளே பேச்சு பரவியது. லொரெட்டா சும்மா இருக்கவில்லை. பல் மருத்துவமனை முன்மேசையிலிருந்து உறுப்பினர்களை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அவன் சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான், பாட். ஒரு டோனட்டைக் கடிச்சுப் பாப்பான், உள்ள என்ன இருக்குன்னு. பிடிக்கலைன்னா திரும்பப் பெட்டியில வெச்சிடுவான். அந்த ஆளு கையிலயா டோனட் பெட்டியைக் கொடுக்கணும்? நீங்களே யோசிங்க. சரி, உங்களுக்கு வர்ற வியாழக்கிழமை பல் சுத்தம் பண்ணணும், மறந்துடாதீங்க."

ரோமனின் பதில் இரண்டு நாளில் என் காதுக்கு வந்தது. லொரெட்டா கூட்டத்தின் நடுவே கழிவறைக்குப் போவது கைபேசி பார்க்கத்தானாம். அது உண்மைதான் என்பது அவளை இன்னும் கொதிக்கவைத்தது.

அர்லீன் தன் இடுப்பைக் காரணம் காட்டித் தபாலில் ஓட்டு அனுப்ப அனுமதி கேட்டாள். அதற்கு ஒரு முழுச் சனிக்கிழமை செலவானது. ரோமன், யார் எழுதியது என்று எப்படித் தெரியும் என்று கேட்டான். அர்லீன் அழுதாள். கடைசியில் ரோமனே அவளைக் காரில் அழைத்து வந்து விட்டுப்போவதாகச் சொல்ல, காரில் வைத்து அவள் மனதைக் கலைத்துவிடுவான் என்று லொரெட்டா எதிர்த்தாள். முடிவில் அர்லீன் டாக்சியில் வருவது என்றானது. யாராவது இரண்டு கூட்டத்துக்கு வந்திருந்தால் ஓட்டு உண்டு என்று விதி வைத்தபோது, லொரெட்டா நார்பர்ட்டையும் இழுத்துவர ஆரம்பித்தாள். நார்பர்ட்டுக்கு எந்த மன அழுத்தமும் இல்லை. நகராட்சியில் பனி தள்ளும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவன். சாலையில் எது கிடந்தாலும் ஓரமாகத் தள்ளிவிட்டுப் போவதுதான் அவன் சுபாவம். அவன் டோனட் சாப்பிட்டான், சுவரில் இருந்த பிங்கோ அட்டவணையைப் படித்தான்.

இந்த அமளியில் ஒரு விஷயத்தை நான் தாமதமாகத்தான் கவனித்தேன். என் சமையலறை அமைதியாக இருந்தது. பக்கத்து வீட்டில் தொலைக்காட்சிச் சத்தம் இல்லை. ஒருநாள் தலைநகரில் உண்மையாகவே பெரிய குழப்பம். கடையில், வங்கியில், எங்கே போனாலும் அதே பேச்சு. குப்பைத் தொட்டியை வெளியே இழுத்து வந்த லொரெட்டாவிடம், "கேட்டியா, என்ன ஆச்சுன்னு" என்றேன்.

"என்ன ஆச்சு? பாட் அந்தப் பக்கம் போயிட்டாளா?"

"இல்ல, வாஷிங்டன்ல."

"ஓ" என்றாள். "அதை விடு. அர்லீனுக்கு யாரு டாக்சி பிடிச்சுக் கொடுக்கப்போறான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

நன்றாகத் தூங்குகிறாள் என்று நார்பர்ட் சொன்னான். வாய் உறையில் புது ஓட்டை ஏதும் இல்லை என்று டாக்டர் ஹாஃப் சொன்னார், சற்று வருத்தத்தோடு. நன்றாகச் சாப்பிட்டாள். கன்னம் சிவந்திருந்தது. இந்த வைத்தியத்தை எந்த மருத்துவரும் எழுதிக் கொடுக்க மாட்டார்: பெரிய சண்டைக்குப் பதில் ஒரு கேவலமான சின்னச் சண்டை, தினமும் மூன்று வேளை.

தேர்தல் நாளன்று காலி டோனட் பெட்டியின் மூடியில் டெலேனி ஒரு கீறல் போட்டுக் கொடுத்தாள். ஒவ்வொருவராகப் போய்ச் சீட்டைப் போட்டோம். சர்க்கரைத் தூள் ஒட்டிய சீட்டுகளை அவள் உரக்கப் படித்தாள். லொரெட்டா, ரோமன், ரோமன், லொரெட்டா. கடைசிச் சீட்டு வரைக்கும் இழுத்துக்கொண்டே போனது. ரோமன் ஒரு ஓட்டில் ஜெயித்தான்.

"மறுபடி எண்ணுங்க" என்றாள் லொரெட்டா.

டெலேனி மறுபடி எண்ணினாள். அதே கணக்கு.

லொரெட்டா எழுந்து நின்றாள். "எனக்கு எத்தனை பேருன்னு எனக்குத் தெரியும். நேத்து வரைக்கும் ஒவ்வொருத்தரா பேசியிருக்கேன். யாரோ என் முகத்துக்கு நேரா சிரிச்சிட்டு அங்க குத்தியிருக்கீங்க. அர்லீன், நீங்களா?"

"கடவுள் சத்தியமா இல்லம்மா" என்றாள் அர்லீன்.

"பொய் சொல்லாதீங்க. இதுல ஏதோ தில்லுமுல்லு..."

"அவங்களை விடு, லோரி" என்றான் நார்பர்ட். அவன் அந்தக் கீழ்த்தளத்தில் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. "அது நான் போட்டது."

வட்டம் முழுக்க அவன் பக்கம் திரும்பியது. ரோமன்கூட நாற்காலியில் பின்னால் சாய்ந்தான்.

"நீ எதைப் போட்ட?"

"ரோமனுக்குப் போட்டேன்."

"ஏன்?"

நார்பர்ட் கையில் ஒட்டியிருந்த சர்க்கரையைக் கால்சட்டையில் துடைத்தான். "நீ ஜெயிச்சா சனிக்கிழமையெல்லாம் இங்கதான் இருப்ப. தோத்தா வீட்டுல இருப்பன்னு நினைச்சேன். போன தடவை நாம சேர்ந்து காலைல சாப்பிட்டது எப்போன்னு எனக்கு ஞாபகம் இல்ல. முதல்ல அந்த டிவி, இப்ப இது. நானும் ஒருத்தன் இருக்கேன் இல்ல."

மனதைத் தொடும் பேச்சுதான். வேறொரு பெண்ணாக இருந்தால் அழுதிருப்பாள். லொரெட்டா கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள். வெளியே ஏப்ரல் மாதத்து ஈரப்பனி விழுந்துகொண்டிருந்தது. நார்பர்ட் காரை எடுத்து அவள் நடக்கும் வேகத்தில் ஓரமாக ஓட்டி வந்தான். அந்த வேகத்தில் ஓட்டுவது அவனுக்கு முப்பது வருடப் பழக்கம். கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தான். நான் பின்னிருக்கையில் இருந்தேன், வேறு வழி இல்லாமல்.

"ஏறு, லோரி. நனையுற."

"துரோகி காருல நான் ஏறமாட்டேன்."

"சரி, கான்னி கூட பின்னாடி உக்காரு. எனக்கும் உனக்கும் சம்பந்தம் இல்லைன்னு வெச்சுக்கோ."

இரண்டு தெரு நடந்தபின், காலணிக்குள் தண்ணீர் போனதால், பின்னால் ஏறினாள். வீடு வரைக்கும் என்னிடம் மட்டும் பேசினாள். "கான்னி, உன் டிரைவர்கிட்ட சொல்லு, சிக்னல் பச்சை ஆயிடுச்சுன்னு."

அந்த வாரம் முழுக்க அவள் நார்பர்ட்டோடு பேசவில்லை. ஆனால் லொரெட்டாவால் யாரோடும் பேசாமல் இருக்க முடியாது. நடந்த அநியாயத்தை முழுதாகச் சொல்லி ஆற்றிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். என்னிடம் மூன்று முறை சொல்லியாகிவிட்டது. கீழ்த்தளத்து ஆட்களிடம் சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை. நார்பர்ட்டை முப்பத்தைந்து வருடமாகத் தெரிந்த, அவனைத் திட்டுவதற்கு முழு உரிமையுள்ள இன்னொரு மனிதன் உலகத்தில் ஒருவன்தான் இருந்தான். புதன்கிழமை மாலை என் சமையலறையில் கேட்டது.

"ரோமன்? நான்தான். உன் மச்சான் பண்ணதைப் பாத்தியா?"

மறுமுனையில் அவன் என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. பிறகு அவனே என்னிடம் சொல்லித் தெரிந்தது: "பாத்தேன், நான் ஜெயிச்சதே அந்தக் கேடுகெட்டவனாலதானே" என்று சொன்னானாம். "கட்டின பொண்டாட்டிக்கு எதிரா ஓட்டுப் போடுறவனை என்னன்னு சொல்றது. எனக்கு அந்த ஓட்டே வேணாம்னு இருக்கு" என்றானாம். லொரெட்டாவுக்கு அது தேனாக இருந்தது. அவர்கள் நார்பர்ட்டைப் பற்றி வெகு நேரம் பேசினார்கள். அவன் குறட்டை, அவன் போட்டிருக்கும் அந்தப் பச்சைக் கோட்டு, அவன் கல்யாணத்தன்று ஆடிய ஆட்டம். பிறகு ரோமனின் வயிற்றுக்கு வந்தார்கள், இறந்துபோன அப்பாவின் வயிற்றுக்கும் வந்தார்கள். அவருக்கும் இதே கோளாறு இருந்தது என்று லொரெட்டா சொன்னாள், சோதனை செய்துகொள் என்று மிரட்டினாள். நடுவில் அழுதாளோ என்னவோ, மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. நன்றித் திருநாளை இருவரும் தொடவே இல்லை.

நார்பர்ட் அந்த நேரம் முழுக்க வெளியே என் வேலியருகே நின்றிருந்தான்.

"என்னைத்தான் திட்டுறாங்களா?" என்று கேட்டான்.

"ஆமா."

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேரும்தான்."

"நல்லது" என்று சொல்லிவிட்டு, புல்வெட்டும் இயந்திரத்தைக் கவிழ்த்து அதன் அடியைச் சுரண்டத் தொடங்கினான்.

பொறுப்பேற்ற ரோமனின் ஆட்சி அவ்வளவு சிறப்பாக இல்லை. காபி தண்ணியாக இருக்கிறது என்று ஒரு சாரார், கசப்பாக இருக்கிறது என்று ஒரு சாரார். கடைசியில் செய்தி பேச அவன் விட்ட கொஞ்ச நேரம் முதல் வாரமே ஒரு மணி நேரமாகி, பங்குத்தந்தை இறங்கி வந்து விளக்கை அணைக்கவேண்டியதாயிற்று. கோடைக்குள் அவனுக்கு வெறுத்துவிட்டது. சாவியை அக்காள் மேசையில் வைத்து, "நீயே எடுத்துக்க. நான் ராஜினாமா பண்றேன்" என்றான்.

"அதெல்லாம் முடியாது" என்றாள் லொரெட்டா. "மக்கள் உன்னைத் தேர்ந்தெடுத்திருக்காங்க. காலம் முடியுற வரைக்கும் அனுபவி." சாவியை அவன் சட்டைப்பைக்குள் திணித்து அனுப்பினாள். ஆனாலும் சனிக்கிழமைகளில் சீக்கிரமாகவே போய் நாற்காலிகளை அவளே போட்டாள், அவற்றை அவன் கோணலாகப் போடுகிறான் என்று சொல்லிக்கொண்டு. அதனால் நார்பர்ட்டின் காலைச் சாப்பாடு கனவாகவே போனது. ஞாயிற்றுக்கிழமைக்கு அவன் இறங்கிவந்தான். அதற்கு அவள் சம்மதித்தாள்.

அவள் முழுதாகக் குணமாகிவிட்டாள் என்று சொன்னால் பொய். இலையுதிர்காலம் வந்ததும், எங்கள் மாநிலத்தின் ஓட்டில்தான் உலகமே தொங்குகிறது என்று எங்கெங்கிருந்தோ பிரசாரத்துக்கு ஆட்கள் வந்து கதவைத் தட்டத் தொடங்கினார்கள். பழைய சத்தம் என் சமையலறைக்குத் திரும்பியது. இப்போது சில நாட்களில் இரண்டு குரல். ரோமன் மாமியார் வீட்டுக்குப் பதில் அக்காள் வீட்டுக்கு வந்து பார்த்தான். அவள் ஒரு ஆளைப் பார்த்துக் கத்துவாள், அவன் வேறொரு ஆளைப் பார்த்துக் கத்துவான். இருவரும் களைத்ததும் லொரெட்டா மீந்த பியெரோகிக் கொழுக்கட்டைகளை வெங்காயத்தோடு வறுத்து வைப்பாள். சில நாட்களில் பேச்சு முற்றி அவன் கதவை அறைந்துவிட்டுப் போவதும் உண்டு. அடுத்த வாரம் வருவான்.

நவம்பர் செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தின் ஓட்டு வரிசை கட்டடத்தைச் சுற்றி வளைந்து நின்றது. காற்று ஏரியிலிருந்து நேராக முகத்தில் அடித்தது. அக்காளும் தம்பியும் ஒரே காரில் வந்து எனக்கு முன்னால் நின்றார்கள்.

"யோசிச்சுப் பாத்தா" என்றான் ரோமன், கைகளைத் தேய்த்துக்கொண்டு, "நீ போடுறதும் நான் போடுறதும் கழிஞ்சுபோயிடும். ரெண்டு பேரும் வீட்டுலேயே இருந்திருந்தாலும் கணக்கு ஒண்ணுதான்."

"அப்போ நீ காருல போய் உக்காரு. நான் போட்டுட்டு வரேன்."

"நீ போய் உக்காரு."

இருவரும் நகரவில்லை. வரிசை நகர்ந்தது. முன்னால் நின்ற ஒரு பெண் குடுவையிலிருந்து எல்லாருக்கும் சூடாக ஏதோ ஊற்றிக்கொண்டே வந்தாள். ரோமன் கோப்பையை வாங்கி ஒரு வாய் குடித்துப் பார்த்து, பிடிக்காமல் அக்காளிடம் நீட்டினான். அவள் திட்டிக்கொண்டே அதை வாங்கிக் குடித்தாள்.